பெட்டிக்குள் ஒரு மண்டபம்

1947இல் சிகாகோவில் யுனிவர்சல் ரெக்கார்டிங் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திவந்த பில் புட்னம், குளியலறையில் ஒரு ஸ்பீக்கரையும் மைக்கையும் கொண்டுபோய் வைத்தார். ஹார்மோனிகேட்ஸ் என்ற மவுத் ஆர்கன் குழு வாசித்த 'பெக் ஓ மை ஹார்ட்' அந்த ஸ்பீக்கரில் ஒலித்தது. குளியலறைச் சுவர்களில் மோதிச் சிதறிய ஒலியை மைக் பிடித்தது. அது மூல ஒலியோடு கலக்கப்பட்டது. இசைத்தட்டு அமோகமாக விற்றது. வாசித்த இடம் ஒன்று, கேட்பவர் உணரும் இடம் வேறொன்று என்ற தந்திரத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்திய முதல் பாட்டுகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

அந்தக் குளியலறை இன்று டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. கூடவே கச்சேரி அரங்கம், தேவாலயம், மலைப் பள்ளத்தாக்கு எல்லாம். மல்டி எஃபெக்ட்ஸ் பிராசசர் என்று பெயர். மொட்டை மாடி அறையில் மைக் வைத்துப் பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு இது கிட்டத்தட்ட ஒரு வரப்பிரசாதம். பெரிய கூடம் கட்ட வழியில்லாதவர்களுக்குக் கூடத்தைக் கையில் கொடுத்த சாதனம். அதே சாதனம் இந்தியாவின் நாட்டுப்புறக் குரல்களுக்கு என்ன செய்தது என்ற கணக்கை மட்டும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடுகிறது. 17 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால் போய்த் திரும்ப 34 மீட்டர்; பத்தில் ஒரு விநாடி பிடிக்கும். அழைத்த குரலும் அதற்கான பதிலும் தனித்தனியாகக் காதில் விழும். இது எதிரொலி. சுவர்கள் பல பக்கமும் இருந்து, ஒலி ஆயிரக்கணக்கான முறை மோதித் திரும்பினால் தனித்தனி பதில்கள் கேட்காது. எல்லாம் ஒன்றாகக் குழைந்து மெல்லத் தேயும். இது எதிர்முழக்கம், ஸ்டூடியோக்காரர்கள் ரிவெர்ப் என்பார்கள். பிஜாப்பூர் கோல் கும்பஸின் மாடத்தில் நின்று ஒரு முறை கைதட்டினால் அது பலமுறை திரும்பி வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தக் கட்டடம்தான் இந்தியப் பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள் பார்த்த மிகப் பெரிய எஃபெக்ட்ஸ் கருவி.

இந்தத் தேய்மானத்தை அளக்க முடியும் என்று காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் ஆசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி சபைனிடம் ஒப்படைத்தார்கள். அவர் இரவு நேரத்தில் ஆர்கன் குழாயை ஊதிவிட்டு, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கடிகாரம் பிடித்துப் பார்த்தார். மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு மறுபடி அளந்தார். ஒலியின் சக்தி பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம் என்ற கணக்கு அதிலிருந்து பிறந்தது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி ஹால் அந்தக் கணக்கை வைத்துக் கட்டப்பட்டது. இன்று எஃபெக்ட்ஸ் பெட்டியின் திரையில் 'டீகே' என்ற பெயருடன் தெரியும் எண் அதே நேரம்தான்.

ஆனால் கட்டடம் கட்டுவது எல்லோராலும் ஆகிற காரியமா? 1956இல் ஹாலிவுட்டில் எழுந்த கேபிடல் டவரின் அடியில், எதிர்முழக்கத்துக்கென்றே நிலத்தடி அறைகளைக் கட்டினார்கள். ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் 1957இல் வேறு வழி கண்டுபிடித்தது. மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதை ஒலியால் அதிரவைத்து, அந்த அதிர்வை எடுத்துக்கொள்வது. 'ஈ.எம்.டி. 140' என்ற அந்தக் கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. அறையை விடச் சிறியது என்பதுதான் அதன் பெருமை! வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய நினைத்தவர்களுக்கு இரண்டுமே எட்டாக்கனி.

வழியைத் திறந்துவிட்டது கணிதம். பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில் ஒரு யோசனையை வெளியிட்டார். ஒலியை எண்களாக மாற்றி, சிறிது நேரம் நிறுத்திவைத்து, கொஞ்சம் குறைத்து மறுபடி அதனோடே கூட்ட வேண்டும். இப்படிப்பட்ட சுழற்சிகள் சிலவற்றை வெவ்வேறு கால அளவில் ஓடவிட்டால், ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்பும். சுவரே இல்லாமல் எதிர்முழக்கம் தயார். கூட்டல், பெருக்கல், காத்திருத்தல் ஆகிய மூன்றே வேலைகள். அவற்றை உடனுக்குடன் செய்யும் வேகம் வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1976இல் வந்த 'ஈ.எம்.டி. 250', 1978இல் வந்த 'லெக்ஸிகன் 224' இரண்டும் பெரிய கூடங்களின் பணப்பெட்டிக்கே கட்டுப்படியாகக்கூடியவை.

சாதாரண மனிதனின் காலம் தொடங்கியது 1985இல். யமஹா 'எஸ்.பி.எக்ஸ். 90' என்ற பெட்டியை ஆயிரம் டாலருக்குக் கீழே விற்றது. அதில் ஆலையிலேயே அமைத்த நிரல்கள் 30. வாங்கியவர் தன் விருப்பப்படி மாற்றிச் சேமிக்க 60 இடங்கள். ஆகத் தொண்ணூறு. முதல் நான்கு நிரல்கள் ஹால், ரூம், வோக்கல், பிளேட். கட்டடமாக இருந்தது பெயராகச் சுருங்கியது. அது கையாளும் ஒலியில் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. மனிதக் காது 20,000 வரை கேட்கும். இருந்தும் அந்தச் சற்று மங்கலான ஒலிக்கே ரசிகர்கள் உருவானார்கள். 1986இல் அமெரிக்காவின் அலெசிஸ் நிறுவனம், கீத் பார் வடிவமைத்த 'மிடிவெர்ப்' கருவியை 400 டாலருக்கும் குறைவாகக் கொண்டுவந்தது. 1989இல் அதே நிறுவனத்தின் 'குவாட்ராவெர்ப்' ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்தது. மல்டி எஃபெக்ட்ஸ் என்ற பெயருக்கு முழுப் பொருள் கிடைத்தது அப்போதுதான்.

பெட்டிக்குள் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை ஒரே அடிப்படையின் வேறுபாடுகள். ஒலியைச் சில மில்லி விநாடி தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை மெல்ல அசைத்தால் 'ஃபிளேஞ்சர்'. விமானம் கடந்துபோவதுபோல் கேட்கும். இன்னும் சற்று அதிகமாக, 20 அல்லது 30 மில்லி விநாடி தாமதப்படுத்தி அசைத்தால் 'கோரஸ்'. ஒருவர் பாடியது பலர் பாடியதுபோல் ஆகும். கால் விநாடி, அரை விநாடி என்று தள்ளினால் 'டிலே'. 'கம்ப்ரெசர்' மட்டும் வேறு வகை. உரத்ததை அடக்கி, அடங்கியதைத் தூக்கிக் கொடுக்கும். இவற்றைச் சங்கிலிபோல் கோப்பதுதான் மல்டி எஃபெக்ட்ஸ். எது முன், எது பின் என்ற வரிசை மாறினால் ஒலியே மாறிவிடும். கம்ப்ரெசருக்குப் பின் எதிர்முழக்கம் வந்தால் அது இயல்பாகத் தேயும். முன்னால் வந்தால் கம்ப்ரெசர் தேயும் ஒலியைப் பிடித்துத் தூக்கி, பாட்டு முழுக்க மூச்சு வாங்கவைக்கும்.

இந்தப் பெட்டிகள் இந்தியாவுக்கு வந்த நேரம் கேசட்டின் பொற்காலம். அதுவரை பாட்டை அச்சடித்துக் கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் ஒரே பெரிய நிறுவனத்தின் கையில் இருந்தது. 1980களில் கேசட் அதை உடைத்தது. போஜ்புரி, கடுவாலி, ராஜஸ்தானி, ஹரியான்வி என்று இசைத்தட்டில் இடம் கிடைக்காத மொழிகளின் பாட்டுகளும், ஊர்ச் சாமிகளின் பஜனைகளும் கடைக்கு வந்தன. வட இந்தியாவில் நடந்த இந்த மாற்றத்தை அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் மானுவேல் 'கேசட் கல்ச்சர்' என்ற நூலில் 1993இல் விரிவாகப் பதிவு செய்தார். மாவட்டத் தலைநகர்களில்கூடச் சிறு ஒலிப்பதிவுக் கூடங்கள் முளைத்தன. பத்துக்குப் பத்து அறை, சுவரில் முட்டை அட்டை, ஒரு மிக்ஸர், ஒரு எக்கோ பெட்டி. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டை ஒட்டி 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' கூடத்தை அமைத்தது 1989இல். 'ரோஜா' வெளியான 1992க்குப் பிறகு, வீட்டோடு சேர்ந்த கூடத்திலிருந்தும் நாடு முழுக்கக் கேட்கும் இசை வரும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிறிய கூடங்களில் எக்கோ என்பது அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. அது ஒரு அர்த்தம். பஜனைப் பாட்டில் நீளமான எதிர்முழக்கம் கேட்டால் கோயில். காதல் பாட்டில் கேட்டால் மலைச்சாரல். அறிவிப்பாளரின் குரலில் கேட்டால் திருவிழா. பழைய சினிமாப் பாட்டுகளின் மேல் மின்னணுத் தாளத்தையும் எக்கோவையும் ஏற்றி 'ஜங்கார் பீட்ஸ்' என்று விற்றபோது, டாக்சியிலும் டீக்கடையிலும் மூலப் பாட்டை அது ஓரங்கட்டியது. மட்டமான கேசட் பிளேயரில் எக்கோ இல்லாத குரல் ஏழ்மையாகக் கேட்டது என்பதும் உண்மை. சுருதி சற்றுப் பிசகினாலும் எதிர்முழக்கம் போர்த்தி மறைத்துவிடும். மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் பாடகருக்கு அது செலவு மிச்சம்.

சேதம் நடந்தது வேறொரு இடத்தில். பெரிய கூடங்களில் குரலை ஒரு தடத்தில் எந்தச் சேர்மானமும் இல்லாமல் பதிவு செய்து, எஃபெக்டைப் பிறகு கலப்பது வழக்கம். பிடிக்காவிட்டால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். சிறிய கூடங்கள் பலவற்றில் அதற்குத் தடம் ஏது? குரல், டோலக், ஹார்மோனியம் எல்லாம் மிக்ஸரில் கலந்து, எக்கோவோடு சேர்ந்தே இரண்டு தடங்களில் நேராக டேப்பில் ஏறின. அப்படி ஏறியதைப் பிறகு பிரிப்பது, பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கிற கதை. இன்றைய மென்பொருள்கள் எதிர்முழக்கத்தை ஓரளவு குறைக்கின்றன. கூடவே குரலின் மெல்லிய நுனிகளையும் நறுக்கிவிடுகின்றன. மூச்சு எங்கே நின்றது, சொல் எங்கே கரகரத்தது, கமகம் எப்படி வழுக்கி இறங்கியது என்பவை முதலில் போகின்றன. கேசட் பிரதி மட்டுமே மிஞ்சியிருக்கும் பாட்டில், பாடியவரும் இறந்துவிட்டால், அந்தக் குரல் இல்லாத ஒரு மண்டபத்துக்குள் நிரந்தரமாக அடைபட்டுவிட்டது என்றுதான் பொருள்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. எதிர்முழக்கம் தேவை என்பதை இந்திய வாத்தியக்காரர்கள் மின்சாரத்துக்கு வெகு காலம் முன்பே அறிந்திருந்தார்கள். சாரங்கியில் வில் படும் தந்திகள் சில. தொடாமலே அதிரும் தந்திகள் முப்பதுக்கும் மேல். சிதாரில் மெட்டுகளுக்கு அடியே ஓடும் தரப் தந்திகளின் வேலையும் அதுதான். ராஜஸ்தானில் மாங்கணியார் கலைஞர்கள் வாசிக்கும் கமாய்ச்சாவிலும் அப்படிப்பட்ட தந்திகள் உண்டு. திறந்த மணல்வெளியில் சுவருக்கு எங்கே போவது? வாத்தியமே தன் மண்டபத்தைச் சுமந்துகொண்டு போனது. அந்த வாத்தியங்களை எஃபெக்ட்ஸ் பெட்டிக்குள் செலுத்தும்போது மண்டபத்துக்குள் மண்டபம் உருவாகி, தரப் தந்திகளின் நுட்பம் மூழ்கிப்போகிறது. 1960இல் கோமல் கோத்தாரியும் விஜய்தான் தேத்தாவும் போருந்தாவில் தொடங்கிய ரூபாயன் சன்ஸ்தான் போன்ற அமைப்புகள் சேகரித்த களப் பதிவுகளின் அருமை இங்கே புரிகிறது. களப் பதிவில் நாய் குரைக்கலாம், குழந்தை அழலாம். ஆனால் அது பாடியவர் உண்மையில் உட்கார்ந்திருந்த இடத்தின் ஒலி.

சாஸ்திரீய இசைக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கயால் பாடகர் விநாடிக்கு எட்டு ஸ்வரம் என்ற வேகத்தில் தான் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடக்காரர் பெட்டியில் 2.5 விநாடி எதிர்முழக்கம் வைத்திருக்கிறார். ஒரு ஸ்வரம் முழுவதும் தேய்ந்து அடங்குவதற்குள் இன்னும் இருபது ஸ்வரங்கள் அதன் மேல் வந்து விழுகின்றன. பாடகர் பல ஆண்டுகள் சாதகம் செய்து பிரித்துக் காட்டியதைப் பெட்டி ஒரு நொடியில் குழப்பிவிடுகிறது. விளம்ப காலத்தில் அழகாக இருந்த அதே அமைப்பு துரித காலத்தில் சேறாகிறது. பெட்டியின் குற்றமில்லை. ஒரே பொத்தானைக் கச்சேரி முழுக்க அழுத்தி வைத்தவரின் குற்றம்.

இன்று பெட்டியே பல இடங்களில் மறைந்துவிட்டது. 1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 'வி.எஸ்.டி.' என்ற முறையைக் கொண்டுவந்த பிறகு எஃபெக்ட் என்பது கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளாக மாறியது. 1999இல் சோனியின் 'டி.ஆர்.ஈ. எஸ்-777' மற்றொரு படி ஏறியது. ஓர் அரங்கத்தில் சோதனை ஒலி எழுப்பி, அரங்கம் தரும் பதிலைப் பதிவு செய்துகொண்டு, பிறகு எந்தக் குரலையும் அதே அரங்கத்தில் பாடியதுபோல் கேட்கவைத்தது. அப்போது விலை எட்டாத உயரம். இன்று அந்த வித்தையைச் செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோயில் மண்டபம், தர்கா முற்றம், மலைக்குகை எதையும் இப்படி அளந்து வைக்கலாம். 'ஹால்', 'பிளேட்' என்ற இறக்குமதிப் பெயர்களுக்குப் பதிலாக நம் கட்டடங்களின் சொந்த ஒலியைச் சேமிக்க இது ஒரு வாய்ப்பு.

தனிப் பெட்டிக்கு வேலை இல்லாமல் போகவில்லை. கம்ப்யூட்டர் ஒலியை வாங்கிக் கணக்கிட்டுத் திருப்பித் தரச் சில மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. அமைப்பு சரியில்லாவிட்டால், பாடுகிறவர் காதில் தன் குரலே பின்தங்கி விழுந்து தாளம் தடுமாறும். தனிப் பெட்டியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மேடையில் கிதார் வாசிப்பவர்கள் காலால் மிதித்து இயக்கும் பெட்டிகளைத்தான் இன்றும் நம்புகிறார்கள். கரோக்கே கருவிகளின் எக்கோவுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் 'பி.டி. 2399' என்ற, தைவானில் பிறந்த மிக மலிவான சிப். ஒரு காலத்தில் நிலத்தடி அறை கேட்ட வேலைக்கு இப்போது ஒரு கைவிரல் நகத்தளவு சிலிக்கான் போதும்.

வாங்கப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பழைய எஸ்.பி.எக்ஸ். 90 போன்ற பெட்டிகளில் சேமிப்பைக் காக்கும் லித்தியம் பேட்டரி உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது செத்திருந்தால் மாற்றிவைத்த அமைப்புகள் மின்சாரம் போனதும் மறைந்துவிடும். அமெரிக்காவில் விற்ற கருவிகள் 120 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைதான் வரும். அலெசிஸின் பழைய பெட்டிகள் 9 வோல்ட் ஏ.சி. அடாப்டரில் ஓடுபவை. கைக்குக் கிடைத்த டி.சி. அடாப்டர் அங்கே உதவாது. மிக்ஸரின் தனி வழியில் பெட்டியை இணைக்கும்போது, பெட்டி எஃபெக்டை மட்டும் முழுதாகத் திருப்பி அனுப்ப வேண்டும். மூல ஒலியைக் கலக்கும் வேலையை மிக்ஸர் பார்த்துக்கொள்ளும்.

பெட்டிக்கு முன்னால் அறைக்குச் செலவு செய்வது புத்திசாலித்தனம். பத்துக்குப் பத்து அறையில் சுவரில் மோதிய ஒலி சில மில்லி விநாடிகளிலேயே மைக்குக்குத் திரும்பிவிடும். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பது அதனால்தான். இந்த டப்பா ஒலியின் மேல் எந்த மண்டபத்தை ஏற்றினாலும், மண்டபத்துக்குள் வைத்த டப்பாவாகத்தான் இருக்கும். முட்டை அட்டை வெளிச் சத்தத்தைத் தடுக்காது. தாழ்ந்த ஒலிகளை உறிஞ்சவும் செய்யாது. பாடுபவருக்குப் பின்னால் தொங்கும் கனமான ரஜாயும், தரையில் விரித்த ஜமக்காளமும் அதைவிட அதிகம் உழைக்கும். மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலான ஒரு பழக்கம் செலவில்லாதது. பாடுபவருக்குத் தெம்பு தர எக்கோ வேண்டுமா? அவர் காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் தாராளமாகக் கொடுக்கலாம். பதிவாகும் தடத்தில் மட்டும் அது ஏறக்கூடாது. இன்று சாதாரண கம்ப்யூட்டரிலேயே எத்தனை தடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இடம் இல்லை என்ற பழைய சாக்குச் செல்லாது. பாட்டு வெளியான பிறகும் எஃபெக்ட் ஏறாத குரல் தடத்தைப் பெயர், ஊர், தேதி எழுதிப் பத்திரப்படுத்துவது கூடக்காரர் பாடகருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் குரலைத் தேடி வருகிற பேத்திக்கு மண்டபம் தேவைப்படாது. பாட்டி எப்படிப் பாடினாள் என்று கேட்டால் போதும் என்றிருப்பாள்.